கதை நமது, திரை எவருடையது?



தைப்பொங்கல் நாளன்று யாழ்ப்பாண நகரிலுள்ள படமாளிகை ஒன்றின் வாயிலிலே சிறிது நேரம் நின்று பாருங்கள். முற்றத்திலே பொங்கிய பானையின் சூடு ஆறுமுன்னரே நம் இளைஞர் அங்கு வந்து குவிகின்றனர். வெடி முழங்குகின்றது. மூன்று ஆள் உயரத்துக்கு நிறுத்தப்பெற்ற நடிகரின் உருவத்துக்கு மாலை விழுகின்றது, பாலும் வார்க்கப்படுகின்றது. உழவர் திருநாளிலே உழவன் மகன், கடல் கடந்து வந்த ஒரு நிழலுக்குப் பால் வார்க்கின்றான்! உள்ளே திரையில் விரியும் வயல் நம் வயலன்று. அங்கு பேசப்படும் தமிழ் நம் வீட்டுத் தமிழன்று. அங்கு அழும் தாய் நம் தாயல்லள். படம் முடிந்து வெளியே வரும் அவ்விளைஞனை மறித்து, “தம்பி, எங்கட ஊர்க் கதை ஒண்டு இப்பிடித் திரையில வந்தால் பார்ப்பீரோ?” என்று கேளுங்கள். “எங்கட கதையை ஆர் அண்ணை எடுக்கிறது?” என்று அவன் திருப்பிக் கேட்பான்.

அக்கேள்விக்கு விடை கூறவே இதனை எழுதுகின்றோம்.

தமிழகத்துப் படங்களுக்கு நாம் பகைவரல்லேம். மொழியால் ஒன்றுபட்டோர் ஆக்கும் கலையை வெறுப்பது நமக்கு அழகன்று. அப்படங்களைப் பார்த்து நாமும் சிரித்திருக்கின்றோம். கண் கலங்கியும் இருக்கின்றோம். ஆயின், விருந்தாளிக்கு இலை போடுவது வேறு. விருந்தாளி உண்டெழுந்தபின் வீட்டுப் பிள்ளைக்குச் சோறில்லை என்பது வேறு.

நம் முறைப்பாடு இதுவே: ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் திறமையின்மையால் மடியவில்லை. எழுத்தாளனுக்கு உறுதி இல்லாமலும், படத்துக்குச் சந்தை இல்லாமலும், தயாரிப்பாளனுக்கு முதல் இல்லாமலும் அது பட்டினி போடப்பட்டது. பட்டினி போட்டோருள் அரசு உண்டு, வணிகர் உண்டு, நாமும் உண்டு.

வழக்கின் வரலாறு

சான்றுகளை முறைப்படி எடுத்து வைப்போம். இந்நாட்டின் முதலாவது சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுனு பொறொந்துவ’ 1947 ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். சிங்களத் திரைக்கு முதல் விளக்கேற்றியது தமிழனின் காசு! ஆனால் இத்தீவிலே தமிழ்ப் படம் ஒன்று தோன்ற மேலும் 15 ஆண்டுகள் சென்றன. 1962 இல் ‘சமுதாயம்’ என்னும் படம் 16 மில்லிமீற்றர்ச் சுருளில் எடுக்கப்பட்டது. அதனை இயக்கியவர் ஹென்றி சந்திரவன்ச என்னும் சிங்களக் கலைஞர். அடுத்த ஆண்டில், பி. எஸ். கிருஷ்ணகுமாரின் ‘தோட்டக்காரி’ 35 மில்லிமீற்றரில் முதலாவதாக வந்தது.

அதன்பின் வந்தவற்றை எண்ணிப் பாருங்கள். 1966 இல் எம். வேதநாயகம், ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்தைத் தழுவிக் ‘கடமையின் எல்லை’ எடுத்தார். 1972 இல் கட்டடக் கலைஞராகிய வி. எஸ். துரைராஜா, யாழ்ப்பாணத்து உழவர் குடும்பமொன்றின் வாழ்வைக் ‘குத்துவிளக்கு’ என்னும் படமாகத் தயாரித்தளித்தார். வீடு கட்டும் வரைபடம் கீறிய கை, கமக்காரன் கதைக்குக் காசு கொடுத்தது. இதனை வாசிக்கும் உத்தியோகத்தரும் கமக்காரரும் இவ்வொரு செய்தியை மனத்திலே பதித்துக்கொள்ளல் வேண்டும். 1975 இல் மலையகத் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் ‘புதிய காற்று’ தந்தார். 1976 இல், வானொலியிலே நாடு முழுவதும் கேட்டுச் சிரித்த நாடகம் ‘கோமாளிகள்’ என்ற படமாயிற்று. எழுதியவர் எஸ். ராம்தாஸ். மக்கள் திரண்டு சென்று பார்த்தனர். 1977 இல் காவலூர் இராசதுரை எழுத, தர்மசேன பத்திராஜா இயக்க, யாழ்ப்பாண மண்ணிலே ‘பொன்மணி’ உருவாயிற்று. சாதியையும் சீதனத்தையும் நம் வீட்டு முற்றத்திலேயே நிறுத்தி விசாரித்த படம் அது. 1978 இல், செங்கை ஆழியானின் நாவலாகிய ‘வாடைக்காற்று’ திரைக்கு வந்தது.

1962 முதல் 1993 வரை ஏறத்தாழ முப்பது படங்கள். மூன்று தசாப்தங்களில் முப்பது! ஆண்டுக்கு ஒன்று! தமிழகத்திலே ஓர் ஆண்டின் ஒரு பாதியில் வெளிவருவன இவற்றினும் பல. இவற்றுள்ளும் பலவற்றின் மூலச் சுருள்கள் இன்று இல்லை. 1983 சூலையில், ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாக்கப்பட்டது. சிங்களப் படங்களை இயக்கிவந்த தமிழராகிய கே. வெங்கட் அவ்வாரத்திலேயே கொல்லப்பட்டார். நூலகத்தை எரித்தவர்களின் கைகளுக்குப் படச்சுருள் மட்டும் விலக்காகுமா?

ஆயினும், தீயின்மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டு நாம் தப்பிக்கொள்ள இயலாது. தீ வருமுன்னரே பயிர் வாடியிருந்தது. ஏன் வாடியது?

வெங்காயமும் படமும்

கமக்காரர்களுக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமே இல்லை. அவர்கள் கண்டறிந்த கணக்கு இது.

1970 முதல் 1977 வரை ஆண்ட அரசு, செத்தல் மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வருவதை மட்டுப்படுத்தியது. அவ்வரசு தமிழருக்கு இழைத்த தீங்குகளை நாம் மறந்தோமல்லேம். 1972 ஆம் ஆண்டின் அரசியலமைப்பையும், பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலையும் மன்னித்தோமுமல்லேம். எனினும், குடாநாட்டுத் தோட்டக்காரன் அந்த ஆண்டுகளிலேதான் நிமிர்ந்தான் என்பதும் உண்மை. கல்வீடு கட்டினான், இறைப்பு இயந்திரம் வாங்கினான், பிள்ளையைப் படிப்பித்தான். 1977 இன் பின் கதவு அகலத் திறந்தது. வெளி மிளகாயும் வெளி வெங்காயமும் வந்து குவிந்தன. நம் தோட்டத்திலே விளைச்சல் குறையவில்லை; மண் கெடவில்லை; உழைப்பும் தளரவில்லை. சந்தையே கெட்டது.

படத்தின் கதையும் இதுவேயாகும். 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்கு மாறின. வெளிப்படங்களின் வரவு கட்டுப்பட்டது. அதே காலத்திலேதான் ‘புதிய காற்று’ வீசியது, ‘கோமாளிகள்’ ஓடியது. ‘வாடைக்காற்று’, ‘நான் உங்கள் தோழன்’, ‘தென்றலும் புயலும்’, ‘தெய்வம் தந்த வீடு’ ஆகிய நான்கும் 1978 என்னும் ஓர் ஆண்டிலே வெளிவந்தன. இது தற்செயலாக நிகழ்ந்ததன்று என்பது நம் வாதம். கொட்டகையிலே இடம் இருந்தது. ஆகவே படம் வந்தது. பின்பு திறந்த சந்தை வந்தது, 1979 இல் தொலைக்காட்சி வந்தது, வீட்டுக்கு வீடு வீடியோப் பெட்டி வந்தது, போரும் வந்தது. நம் படம் நின்றது.

“உங்கள் படங்களுக்குத் தரம் இல்லை, அதனாலேயே தோற்றன” என்று கூறுவாரும் உளர். அவர்தம் வாதத்திலே பாதி உண்மை உண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம். நம் படங்கள் சில, சென்னைப் படத்தின் நிழலுக்கு நிழலாக எடுக்கப்பட்டன. யாழ்ப்பாணத்துக் கதாநாயகன் சென்னைத் தமிழ் பேசினான். மரத்தைச் சுற்றி ஓடினான். அசல் அடுத்த கொட்டகையிலே ஓடும்போது நகலைப் பார்க்க எவன் வருவான்?

ஆனால் சிங்களப் படவுலகின் தொடக்கம் எத்தகையது? அதுவும் தென்னிந்தியப் படங்களின் நகலாகவே பல்லாண்டு கிடந்தது. 1956 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ஸ்டூடியோவை விட்டுக் கிராமத்து வெயிலிலே இறங்கி ‘ரேகாவ’ எடுத்தார். உலகம் போற்றிய அப்படம் உள்ளூரிலே வசூலில் தோற்றது. தோற்ற இயக்குநரைச் சிங்களத் திரை தூக்கி எறிந்துவிட்டதா? இல்லை. 1960 இல் அவர் ‘சந்தேசய’ எடுத்து வென்றார். அதற்கு முதலிட்டவர் யார்? சினிமாஸ் நிறுவனத்தின் கே. குணரத்தினம் என்னும் தமிழர்! அதன்பின் வந்த ‘கம்பெரலிய’ 1965 இல் டில்லிப் படவிழாவிலே தங்க மயில் விருது பெற்றது.

தோற்ற சிங்களக் கலைஞனுக்கு இரண்டாவது வாய்ப்பளித்தது தமிழனின் முதல். ‘பொன்மணி’ வசூலில் தோற்றபோது, அதனை எழுதிய கைக்கு இரண்டாவது வாய்ப்பளித்த தமிழன் எவன்? விடை கூறுங்கள்!

உறுதியில்லா எழுத்து

இனி நம் வீட்டுக் குற்றத்துக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் நம்மிடம் வந்தார். கையிலே மஞ்சள் ஏறிய ஓர் அப்பியாசக் கொப்பி. அதிலே அவர் எழுதிய கதையை இளைஞர் சிலர் வாங்கிச் சென்று படமாக்கினர். படம் வெளியூர்களிலும் காட்டப்பட்டது, காசும் சேர்ந்தது. படத்திலே அவர் பெயர் இல்லை.

“மாஸ்ரர், கடதாசி ஏதும் எழுதினீங்களோ?” என்று கேட்டோம்.

“என்ன தம்பி, எங்கட பிள்ளையள்தானே! கடதாசி கேட்டால் மரியாதையில்லையெண்டு விட்டிட்டன்” என்றார்.

வழக்குத் தொடுக்க வேண்டாம் என்று அவரே கூறிவிட்டார். கொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அப்பெரியாரின் முகம் இன்னும் நம் கண்ணை விட்டு அகலவில்லை.

ஒரு பரப்புத் தோட்டக் காணி வாங்குவதற்கு நாம் செய்வன யாவை? பழைய உறுதியைப் புரட்டுகின்றோம். எல்லையை அளக்கின்றோம். கிணற்றிலே பங்கு உண்டா, வாய்க்காலுக்கு வழி உண்டா என்று விசாரிக்கின்றோம். நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு நின்று ஒப்பமிடுகின்றோம். கூடப்பிறந்த தம்பிக்குக் கொடுப்பதானாலும் உறுதி முடித்தே கொடுக்கின்றோம். அண்ணன் தம்பியிடம் உறுதி கேட்பது மரியாதைக் குறைவென்று எவனும் சொல்வதில்லை. ஆனால் ஒருவன் பத்தாண்டு மனத்திலே உழுது விளைவித்த கதையை மட்டும் வாய்ச்சொல்லுக்கு வாங்குகின்றோம். தேநீரோடு கணக்கை முடிக்கின்றோம்!

சட்டம் என்ன கூறுகின்றது? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இந்நாட்டிலே நடைமுறையில் உள்ளது. ஆக்கியோனின் உரிமை அவன் வாழ்நாள் முழுவதும், அவன் இறந்தபின் 70 ஆண்டுகளும் நிலைக்கும். பொருளாதார உரிமையைக் கைமாற்றுவதாயின் அது எழுத்திலே, கையொப்பத்தோடு இருத்தல் வேண்டும். தன் ஆக்கத்தோடு தன் பெயர் குறிக்கப்படுவது அவனது ஒழுக்கவுரிமை. அதே வேளையிலே, திரைப்படம் ஒன்றின் பொருளாதார உரிமைகளுக்கு முதற் சொந்தக்காரர் தயாரிப்பாளரே என்றும் சட்டம் கூறுகின்றது. ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவிடத்து!

எழுத்தாளர்களே, இந்த இறுதிச் சொற்களை உங்கள் மேசைக்கு மேலே எழுதி ஒட்டுங்கள். ஒப்பந்தம் உண்டேல் உங்கள் பங்கு உண்டு. ஒப்பந்தம் இல்லையேல், படம் உழைக்கும் காசைக் கேட்க நீங்கள் நீதிமன்றப் படிகளிலே காலந்தள்ள நேரும். சட்டம் விழித்திருப்பவனுக்கே துணை.

எழுதுவார் படும் பாடு

“கதை எழுதத் தெரிந்தவனுக்குப் படம் எழுத என்ன கஷ்டம்?” என்று எண்ணுவோரும் நம்மிடையே பலர். இவ்வெண்ணமே நம் படங்கள் பலவற்றைக் கெடுத்தது.

நாவலிலே, ‘மகளின் சீதனத்தை எண்ணித் தகப்பன் உள்ளம் நொந்தான்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்பாற் செல்லலாம். படக்கருவி உள்ளத்தைப் பிடிக்காது. கண்ணுக்குத் தெரிவதையும் காதுக்குக் கேட்பதையுமே அது பிடிக்கும். ஆகவே திரைக்கு எழுதுவோன், தகப்பன் இரவிலே எழும்பிப் பெட்டகத்தைத் திறந்து காணி உறுதியை எடுப்பதையும், விளக்கடியிலே வாசித்துவிட்டு மீண்டும் மடித்து வைப்பதையும், பாயிலே படுத்திருக்கும் மகள் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காகிதத்தின் சரசரப்பைக் கேட்பதையும் எழுதுகின்றான். ஒரு சொல் பேசப்படவில்லை. கொட்டகையிலே இருக்கும் தகப்பன்மார் அனைவருக்கும் விளங்கிவிடும். இவ்வாறு நூறு காட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, தேவையில்லாதவற்றை இரக்கமின்றி வெட்டி எறிவதே திரைக்கதை. ஒரு பக்கம் எழுதினால் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது தொழிலறிந்தோர் கணக்கு. நூற்றிருபது பக்கங்களுக்காக எழுதிக் கிழிப்பவை ஆயிரம் பக்கங்கள்.

மொழித்தொல்லை இன்னொன்று. நம் பேச்சுத் தமிழ் நகைச்சுவைக்கே பொருந்தும், காதலுக்கும் கண்ணீருக்கும் பொருந்தாது என்னும் ஒரு கேடான எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. காதலர் இருவர் திரையிலே யாழ்ப்பாணத் தமிழில் மனம் விட்டுப் பேசினால் கொட்டகை சிரிக்கின்றது. நம் தாய் நம்மை அத்தமிழிலேதானே தாலாட்டினாள்? நம் தந்தை இறக்கும்போது அத்தமிழிலேதானே தண்ணீர் கேட்டார்? மட்டக்களப்பு, வன்னி, மலையகம், மன்னார் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேச்சு உண்டு. அவற்றையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காதைப் பழக்கியவனே அம்மண்ணின் கதையை எழுத வல்லவன். சிரிப்பவன் சிரிக்கட்டும், மூன்றாவது படத்திலே அவன் சிரிப்பு அடங்கிவிடும்.

தயாரிப்பாளர் படும் பாடு

தயாரிப்பாளரை மட்டும் குற்றக் கூண்டிலே நிறுத்துவது நீதியன்று. அவர் படும் பாட்டையும் சொல்லத்தான் வேண்டும்.

படம் எடுப்பது புகையிலைச் செய்கையை ஒத்தது. முதலிலே எல்லாம் செலவு. கருவிக்கு வாடகை, விளக்குக்கு வாடகை, நடிகருக்கும் தொழிலாளருக்கும் நாட்சம்பளம், அத்தனை பேருக்கும் மூன்று வேளைச் சாப்பாடு. எடுத்தபின் படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இசை. பின்பு தணிக்கை. 1912 ஆம் ஆண்டு ஆங்கிலேயன் இயற்றிய பொதுக் காட்சிகள் கட்டளைச் சட்டம் இன்றும் நம் தலைக்குமேலே நிற்கின்றது. இவற்றையெல்லாம் கடந்து பெட்டியோடு கொட்டகைக்குச் சென்றால், “தமிழ்நாட்டுப் படம் வருகுது, காலமைக் காட்சி ஒண்டு தரலாம்” என்கின்றார்கள். வேலைக்குப் போவோன் வேலையிலே, மாணவன் பள்ளியிலே, கமக்காரன் தோட்டத்திலே நிற்கும் வேளை அது. மூன்று நாள் ஆள் வரவில்லை என்று நான்காம் நாள் படத்தை இறக்கிவிடுகின்றார்கள். ‘உங்கள் படத்துக்குச் சனமில்லை’ என்று தீர்ப்பும் கூறிவிடுகின்றார்கள்! அறுவடை நாளிலே வெளி வெங்காயத்தை இறக்கிவிட்டு, ‘உன் வெங்காயத்துக்கு விலையில்லை’ என்பதற்கும் இதற்கும் வேறுபாடு யாது?

அந்நிலையிலே தயாரிப்பாளர் என் செய்வார்? மனைவியின் நகையை ஈடு வைக்கின்றார். காணியை ஈடு வைக்கின்றார். அடுத்த படத்தை எண்ணவும் அஞ்சுகின்றார். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்னும் முதுமொழி இவருக்கே முற்றும் பொருந்துகின்றது.

எனினும், ஒன்று கூறுவோம். நட்டத்தைக் காரணங்காட்டி எழுதினவனுக்குக் கூலி மறுப்பது நீதியாகாது. விளைச்சல் பிழைத்த ஆண்டிலும் நாற்று நட்ட பெண்ணுக்குக் கூலி கொடாமல் விடுவோமா? விட்டால் ஊர் நம்மை என்ன சொல்லும்?

பயன் யாது?

இவ்வளவு தொல்லைப்பட்டுப் படம் எடுத்து என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு, அது காசினாலே மட்டும் அளக்கப்படுவதன்று.

2015 இல் பிரான்சு நாட்டின் கான் படவிழாவிலே ‘தீபன்’ என்னும் படம் முதற்பரிசாகிய தங்கப் பனை விருதைப் பெற்றது. ஈழப்போரிலிருந்து தப்பி அந்நாட்டுக்குச் சென்ற தமிழரின் கதை அது. தலைமைப் பாத்திரத்திலே நடித்தவர் நம் எழுத்தாளர் ஷோபாசக்தி. பேசப்பட்ட மொழி பெரும்பாலும் தமிழ். பெருமைப்பட்டோம். ஆனால், அப்படத்தின் திரைக்கதையை எழுதியோர் மூவர், மூவரும் பிரெஞ்சுக்காரர். அவர்கள்மேல் நமக்குக் கோபமில்லை. அவர்கள் தம் தொழிலைச் செய்தனர். நாம் நம் தொழிலைச் செய்யவில்லை. போருக்குப் பின் யாழ்ப்பாணத்தின் துயரைத் தமிழிலே படமாக்கி 2012 இல் ‘இனி அவன்’ என்று தந்தவர் அசோக ஹந்தகம என்னும் சிங்களக் கலைஞர். அவருக்கும் நன்றி. நம்மவருள்ளே ஜூட் ரட்ணம் 2017 இல் தம் விவரணப் படத்தைக் கான் விழாவரை கொண்டு சென்றார் என்பது ஆறுதல். ஆனால் ஒருவர் போதுமா?

நீதிமன்றத்திலே நாம் நாள்தோறும் காணும் ஓர் உண்மை உண்டு. சாட்சி இறந்துபோனால் வழக்கும் இறந்துபோகும். 1983 ஐக் கண்டவருக்கு இன்று வயது ஏறிவிட்டது. 1995 இல் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்த தாய்மாரும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 2009 இல் முள்ளிவாய்க்காலிலே பிள்ளையைப் பறிகொடுத்தோரும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருக்கின்றனர். அவர்கள் பேசிய விதம், நடந்த விதம், அழாமல் நின்ற விதம் ஆகியவற்றை எந்த ஆணைக்குழுவின் அறிக்கையும் தாங்காது. திரை தாங்கும். அதிலே நமக்கு உவப்பில்லாத உண்மைகளும் வரும். நம் சாதிக்கொடுமையும், நாம் பிறருக்கு இழைத்த அநீதியும் வரும். வரட்டும். தனக்குச் சாதகமானதை மட்டும் சொல்லும் சாட்சியை எந்த நீதிபதி நம்புவார்?

இதுவே எழுதுவோனுக்குக் கிடைக்கும் பெரும் பயன். இருட்டிலே இருந்து பார்க்கும் ஒரு கிழவி, “இது என்ர வீட்டிலயும் நடந்தது” என்று பக்கத்திலிருப்பவளின் கையைப் பிடிப்பாளேல், அவன் எழுதியதன் பயனை அவன் பெற்றுவிட்டான்.

நாம் கேட்பன

வெறும் புலம்பல் நம் தொழிலன்று. கேட்பவற்றை வரிசைப்படுத்துகின்றோம்.

1. எழுத்திலே ஒப்பந்தம் முடியுமுன் எந்தப் படத்துக்கும் எழுத்தாளர் தம் பிரதியைக் கொடுத்தல் கூடாது. பெயர் எங்கே வரும், முன்பணம் எவ்வளவு, வருவாயிலே பங்கு எவ்வளவு, பிறமொழிக்கும் இணையத்துக்கும் விற்றால் யாருக்கு உரிமை என்னும் நான்கும் அதிலே இருத்தல் வேண்டும். நம் மாவட்டத்துச் சட்டத்தரணிகள் கூடி இரண்டு பக்கத்திலே எளிய தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எழுதி, கட்டணமின்றி வழங்குதல் வேண்டும். நம் பங்கை நாம் செய்ய ஆயத்தமாக உள்ளோம்.

2. வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் உள்ள படமாளிகைகள், உள்நாட்டுத் தமிழ்ப் படத்துக்கு வாரத்திலே ஒரு மாலைக் காட்சியையாவது ஒதுக்குதல் வேண்டும். காலைக் காட்சிப் பிச்சை வேண்டா. ஒரு படத்தை நான்கு வாரத்துக்குக் குறையாமல் அக்காட்சியிலே வைத்திருத்தல் வேண்டும். தேசிய திரைப்படக் கூட்டுத்தாபனம் இதனை விதியாக்குதல் வேண்டும். சிங்களப் படத்துக்குச் செய்யும் உதவியைத் தமிழ்ப் படத்துக்கும் சம அளவிலே செய்தல் வேண்டும்.

3. முதலுக்குக் கூட்டுறவே வழி. மலையாளத்துக்குப் புகையிலை அனுப்பக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தவர்கள் நாம். மூளாயிலே கூட்டுறவு வைத்தியசாலை எழுப்பியவர்கள் நாம். ஒருவன் காணியை ஈடு வைத்துப் படம் எடுப்பதை விட்டு, ஆயிரம் பேர் ஆளுக்குச் சிறிது இட்டுப் படம் எடுப்போம். தோற்றால் ஒருவனும் தெருவிலே நில்லான்; வென்றால் அடுத்த படத்துக்கு வித்து மிஞ்சும். வைத்தியரும் பொறியியலாளரும் ஆசிரியரும் வெளிநாட்டு உறவினரும் இதிலே முன்னிற்றல் வேண்டும். கோயில் திருவிழாவிலே ஓரிரவு வாணவேடிக்கைக்கு எரிக்கும் காசிலே ஒரு பங்கு போதும்.

4. எஞ்சியுள்ள பழைய படங்களைத் தேடிச் சேர்த்துப் புதுப்பிக்கும் பணியை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கூட்டுத்தாபனமும் இணைந்து மேற்கொள்ளுதல் வேண்டும். பாட்டன் கட்டிய கிணற்றைத் தூர விட்டுவிட்டுப் புதுக்கிணறு வெட்டுவது அறிவுடைமையன்று.

இன்று காலம் நமக்குச் சாதகமாகவும் இருக்கின்றது. சுருள் வாங்கவும் கழுவவும் ஒரு குடும்பத்தின் சொத்தையே விழுங்கிய காலம் போயிற்று. கையடக்கக் கருவியிலேயே இளைஞர் குறும்படம் எடுக்கின்றனர். 2015 முதல் யாழ்ப்பாணத்திலே சர்வதேசப் படவிழாவும் நடைபெறலாயிற்று. கருவி உண்டு, கை உண்டு, கதை ஊருக்கு ஊர் குவிந்து கிடக்கின்றது. உறுதியும் சந்தையும் முதலுமே இல்லை. அம்மூன்றும் வானத்திலிருந்து விழுவனவல்ல. நாம் கூடினால் உண்டாகுவன.

அடுத்த தைப்பொங்கலுக்கும் அவ்விளைஞன் அதே படமாளிகை வாயிலிலே நிற்பான். வெடி கொளுத்தட்டும், தனக்குப் பிடித்த நடிகனைப் பார்க்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் பக்கத்துச் சுவரிலே, அவன் ஊரின் பெயரோடு, அவன் பேச்சுத் தமிழிலே, அவனறிந்த ஒருவர் எழுதிய படத்தின் விளம்பரமும் ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். எழுதியவரின் பெயர் அதிலே பெரிய எழுத்திலே இருத்தல் வேண்டும்.

“எங்கட கதையை ஆர் அண்ணை எடுக்கிறது?” என்று அவன் கேட்டான். நாமே எடுப்போம் என்று விடை கூறுவோம். கூறுவதோடு நில்லாது, ஒப்பமிட்டுக் கொடுப்போம்.